குடித்துக் காட்டு

என் மாமாவுக்கு யாரையும் சும்மா பிடித்துவிடாது. ஒருவரை அவருக்குப் பிடிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த ஆளுக்கு எங்காவது வலிக்க வேண்டும். வலிக்கும்போது முகம் சுளிக்கிறாரா, கத்துகிறாரா, ஓடப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனிப்பார். அதில் தேறியவருக்கு உயிரையும் கொடுப்பார். தேறாதவர் அதன்பிறகு அவர் கண்ணுக்கே தெரியமாட்டார். எதிரில் நின்று வணக்கம் சொன்னாலும் பின்னால் இருக்கிற தேயிலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

"சிரிச்சிப் பேசுறவன்லாம் நல்லவனாடி? கொஞ்சம் கிள்ளிப் பாக்கணும்லா. அப்பத்தான் உள்ள என்னா சரக்கு இருக்குன்னு தெரியும்" என்பார். பேச்சுக்குச் சொல்வதில்லை. பெயர் வைக்கிற வீட்டுக்குப் போனால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் தொடையை நிஜமாகவே கிள்ளுவார். பிள்ளை வீறிட்டு அழுதால், "இது அம்மா மாதிரி" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பாயசம் குடிக்க உட்கார்ந்துவிடுவார்.

ரிங்லெட் என்கிற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. என் அம்மாவின் தம்பி. கொழுந்து எடுக்க வங்காளதேசத்திலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினால், முதல் நாளே அவர்களை ஆடு ஏறத் தயங்குகிற சரிவுக்கு அனுப்புவார். தேநீர் நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடமாட்டார். எவன் தானாக உட்காருகிறான் என்று கீழே ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உட்காராதவனுக்குச் சாயந்தரம் சிகரெட்டும் வறுத்த வாழைப்பழமும் கிடைக்கும். உட்கார்ந்தவனுக்கு அவர் அங்கே இருக்கும் வரைக்கும் அந்தச் சரிவுதான். "ஏன் கங்காணி இப்படிப் பண்றீங்க?" என்று தோட்டத்துத் துரை ஒருமுறை கேட்டபோது, "ஆள எடுக்குறப்பவே தரம் பாத்துரணும் துரை" என்றாராம். தேயிலையைப் பற்றிப் பேசுவதுபோல.

என்னையும் தரம் பார்த்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகிற வயது. தானா ராத்தா டவுனில் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று அவருடைய பழைய லேண்ட்ரோவரில் ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில், பனிமூட்டம் கைக்கெட்டும் தூரத்தை மறைத்துக்கொண்டிருந்த ஒரு வளைவில், "இறங்கி அந்தப் பூவப் பறிச்சிட்டு வா" என்றார். நான் இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வளைவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் அழுகிறேனா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழவில்லை. திரும்பி வந்து கண்ணாடியை இறக்கியவரின் மீது கையில் வைத்திருந்த கல்லை வீசினேன். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. மாமா துடைக்கக்கூட இல்லை. "இவதான்டி என் ரத்தம்!" என்று சிரித்த சிரிப்பு அந்த மலைக்கே கேட்டிருக்கும். அன்றைக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பல வருஷம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோளாறே அதுதான்.

அத்தை அவரிடம் எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. ஒருமுறை அந்த மாத்திரைகளை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார் மாமா. தன்னிடம் வந்து கேட்கிறாளா என்று பார்க்க வேண்டுமாம். அத்தை கேட்கவில்லை. தலைசுற்றலோடு பஸ் ஏறி தானா ராத்தா போய் வேறு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் உலை வைத்திருக்கிறார். அரிசி அளக்கும்போது பழைய மாத்திரை கிடைத்ததும் அதை எடுத்து மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாராம். இதை அத்தையின் சாவு வீட்டில் மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ மாதிரி ரோஷக்காரி எவளும் கெடையாது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய பாசம் அப்படித்தான் வெளியே வரும். அதைப் பார்த்து நாங்களும் அழுதோம்.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓர் ஓடை இறங்கி வருகிறது. அதன் கரையில், பெரிய மரத்தடியில், ஒரு கல்லும் சூலமும். அதுதான் எங்கள் முனியாண்டி. பெண் கொடுத்தாலும் எடுத்தாலும், குடும்பத்துக்குள் புதிதாக வருகிறவரை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஓடைத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிக்கச் சொல்வோம். காட்டை வெட்டித் தேயிலை போட வந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தார்கள் என்பது கணக்கு. மற்றவர்களுக்கு அது சாமி காரியம். சூடம் கொளுத்தி, உதட்டை நனைத்துக்கொண்டு, கீழே இறங்கிவிடுவார்கள். மாமாவின் கைக்கு வந்தபிறகு அது பரீட்சை ஆகிவிட்டது. உதட்டை நனைத்தால் ஒப்புக்கொள்ளமாட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று கிட்டே வந்து பார்ப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எப்போதும் அவர்தான் முதலில் குடிப்பார், வயிறு முட்ட. அதனாலேயே யாரும் அவரிடம் வாயைத் திறக்க முடிந்ததில்லை.

என் வீட்டுக்காரரும் குடித்தவர்தான். குடித்துவிட்டு மலையிறங்கி ஈப்போ டவுனுக்குத் திரும்புகிற வழியிலேயே வயிற்றைக் கலக்கி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் புதருக்குள் ஓடினார். இரண்டு நாள் படுத்த படுக்கை. அதிலிருந்து மாமா அவரை "கக்கூஸ் மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். கல்யாண மேடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், பாவம். தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று அப்போதே ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றியதெல்லாம் மாப்பிள்ளையின் வயிறு சரியில்லை என்பதுதான்.

மாமாவுக்கு ஒரே மகள், புவனா. ஈப்போவில் நர்ஸாக வேலை பார்த்தாள். முறைக்கு நான் அவளுக்கு மதினி என்றாலும் சின்ன வயதிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் லோகன் என்கிற பையனை விரும்பினாள். மலைமேலேயே கோலா தெர்லா என்கிற ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே இறங்கும்போது முட்டைக்கோசும் தக்காளியும், திரும்பி ஏறும்போது காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு. வாட்டசாட்டமான ஆள், ஆனால் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மாமாவை முதல் தடவை பார்த்தபோது "அங்கிள்" என்றான். "நான் என்னா வெள்ளக்காரனா?" என்றார் மாமா. அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து "மாமா" வருவதற்கு ஆறு மாதம் பிடித்தது.

"எங்கப்பா முனி கோயிலுக்குக் கூப்பிட்டா நான் இல்லாம போகாதீங்க" என்று புவனா அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அதனால் மாமா, அவளுக்கு டூட்டி இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவனைக் கூப்பிட்டார். துணைக்கு என் அம்மாவும் நானும். காலையில் அவனுக்கு ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்கவிடவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் தேயிலைக்குள் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டார். அட்டை கடித்தால் பிடுங்கக்கூடாது என்றார். ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது லோகனின் உதடு வெடித்திருந்தது, காலுறை முழுக்க ரத்தம்.

சூடம் கொளுத்தியாயிற்று. நான் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"பாட்டில்ல குடிக்கிறவன் பாட்டிலையே கட்டிக்கட்டும்" என்றார் மாமா. "முனிக்குக் காய்ச்சுன தண்ணி ஆவாது. உள்ள வை."

லோகன் ஓடையைப் பார்த்தான். பிறகு அது வருகிற மேட்டைப் பார்த்தான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் காட்ட வெட்டிப் புதுசா காய்கறித் தோட்டம் போட்டிருக்காங்க. கூலியாளுங்க கொட்டாய், கக்கூஸ் எல்லாம் இந்தத் தண்ணி ஓரமாத்தான் இருக்கு. எரு மூட்டைக்கு மேல எலி ஓடும் மாமா, பூன சைஸ்ல. நாந்தான் அங்க எரு ஏத்திட்டுப் போறேன், என் கண்ணால பாத்தேன்லா."

"அப்ப நீ கொண்டுபோன எருதான?" என்றார் மாமா. "ஒன் எரு ஒனக்கே ஆவாதா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், அவர் சொன்ன விதம் அப்படி. அம்மாதான், "தம்பி, ஒதட்டுல தொட்டுக்கட்டும், விடு" என்றார். மாமா ஓடையில் மண்டியிட்டுக் கை கையாக அள்ளிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, லோகனின் முகத்துக்கு நேரே நின்றார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. நான் குடிச்சிட்டேன். நீ குடிக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்படியே கீழ எறங்கி லாரி எடுத்துட்டுப் போயிரலாம். ஆனா புவனாவ மறந்துரு. வயித்துக்குப் பயந்தவன் நாளைக்கு எம்பொண்ணுக்கு என்னா செய்வான்?"

லோகன் என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவன் மண்டியிட்டான். உள்ளங்கையெல்லாம் கயிறு இழுத்த வெடிப்பு. அந்தக் கையால் அள்ளிக் குடித்தான். மாமா குனிந்து தொண்டைக்குழியைப் பார்த்தார். "இன்னொரு கை" என்றார். குடித்தான். "முனிக்காக ஒண்ணு." அதையும் குடித்தான்.

இறங்கும்போது மாமா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். "ரெண்டு நாள்ல வயித்தால போவுதுன்னு எவன்கிட்டயாச்சும் சொன்ன, இந்தச் சம்பந்தம் அதோட சரி" என்றார். ஏற்கெனவே ஒரு கக்கூஸ் மாப்பிள்ளை இருக்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்றார். லோகன் சிரித்தான். சொல்லமாட்டேன் மாமா என்றான்.

சொல்லவேயில்லை. வயிறு போகவும் இல்லை. ஒரு வாரம் போல் கழித்துக் காய்ச்சல் வந்தது. புவனா போனில் கேட்டபோது சாதாரணக் காய்ச்சல் என்றான். கெண்டைக்கால் வலிக்கிறது என்றவன், லாரியில் நிறைய ஏறி இறங்கினேன் என்றான். ஓடைத் தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் மருந்தும் நோயும் தெரிந்தவள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். சொன்னால் அவள் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் கிடைக்கமாட்டாள். அவனுக்கு அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு நடுவில் மாமா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு கோலா தெர்லாவுக்கு அவனைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எனக்கு மறக்கவே முடியாத ஒரு சந்தோஷத்தோடு சொன்னார்.

"பய படுத்திருந்தான். என்னப் பாத்ததும் எந்திரிச்சிட்டான். கண்ணு ரெண்டும் செவப்பு. நிக்க முடியல, செவுத்தப் புடிச்சிக்கிட்டே போயி எனக்கு டீ கலக்கிக் குடுத்தான். ஒடம்பு எப்படிடான்னேன். நல்லா இருக்கேன் மாமான்னான். ஒரு வார்த்த, ஒரு வார்த்த சொல்லல! ஆம்பளடி அவன்."

"மாமா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றேன்.

"அவனே கேக்கலியே" என்றார்.

மூன்று நாள் கழித்து லாரி முதலாளிதான் அவனைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதற்குள் உடம்பு மஞ்சள் பூத்து, சிறுநீர் நின்றுபோயிருந்தது. பார்த்த உடனே ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். எலி மூத்திரக் காய்ச்சல். புவனா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், அவள் யூனிஃபார்மோடு பக்கத்தில் நிற்க, லோகன் செத்துப்போனான். கடைசியாக நினைவு இருந்தபோது அவளிடம், "மாமாகிட்ட சொல்லிறாத" என்றானாம்.

சாவு வீட்டில் மாமா மாப்பிள்ளைக்குச் செய்கிற முறையெல்லாம் செய்தார். கோடித்துணி போட்டார். பாடையைத் தூக்க முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். அதுவரை "பய" என்றவர், அன்றைக்குத்தான் "எம் மாப்பிள்ள" என்றார். வந்தவர் போனவரிடமெல்லாம், "கேள்வி கேக்காமக் குடிச்சான்யா" என்றார். யாரோ தண்ணீரைப் பற்றி முணுமுணுத்தபோது, "நானுந்தான குடிச்சேன்? எனக்கு என்னா ஆச்சி? அவன் கையில காயம் இருந்துச்சி, அது வழியா ஏறியிருக்கும்னு டாக்டரே சொன்னாரு. முனி தண்ணி மேல பழி போடாதீங்க" என்று கோபித்துக்கொண்டார். நெஞ்சிலடித்துக்கொண்டு அழவும் செய்தார். நடிப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நடித்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

புவனா அழவில்லை. என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, "கேள்வி கேக்காமத்தான் குடிச்சாராக்கா?" என்றாள். நான் மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தொடங்கி, எலியைச் சொல்லி, மூன்றாவது கைத் தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சுப் பழத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போடவில்லை. வீட்டை விட்டுப் போகவுமில்லை.

மாமா வயதாகி வேலையிலிருந்து நின்றதும் தோட்டத்து லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. சர்க்கரை வியாதியில் பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது. புவனா தானா ராத்தாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன வீட்டை எடுத்து அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். பெற்ற மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே பேசிற்று. வேளைக்கு மருந்து, பத்தியச் சாப்பாடு, துவைத்த சட்டை. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஒரு சாயந்தரம் போயிருந்தேன். சமையலறையில் புவனா கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைத்திருந்தாள். அதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினாள். ஜன்னலோரத்துப் பூந்தொட்டியிலிருந்து விரல்நுனியில் கொஞ்சம் மண்ணைத் தொட்டாள். அதைத் தம்ளரின் வெளிப்பக்கத்தில் தடவினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, முனி கோயில் தண்ணி. டூட்டி முடிஞ்சி வர்ற வழியில ஏறிப் புடிச்சிட்டு வந்தேன். குடிங்க."

மாமா தம்ளரை வாங்கினார். விரலில் மண் ஒட்டியதும் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? புவனா குனிந்து அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"தெனமும் இதானா மாமா?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். அவள் போய்விட்டாளா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருடி. காய்ச்ச அடிக்குதா?"

நெற்றி சில்லென்று இருந்தது. அது காய்ச்சி ஆறிய தண்ணீர், பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் லோகனை நினைத்தேன்.

"ஆமா மாமா, நல்லா சுடுது" என்றேன்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"புவனாகிட்ட சொல்லிறாத" என்றார்.